புகைக்காலத்துச் சவரம்

காற்றில் புகையின் அளவு நூற்றைம்பதைத் தாண்டினால் முதலாளி முகமூடி கொடுத்தாக வேண்டும். ஐந்நூறைத் தாண்டினால் நாங்கள் போட்டாக வேண்டும். நடுவில் இருக்கிற நாட்களில் கொடுப்பது அவர்கள் கடமை, போடுவது எங்கள் இஷ்டம். கலிபோர்னியாவில் காடு எரிகிற மாதங்களில் வயல் வேலைக்கு இதுதான் சட்டம். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 'இஷ்டம்' என்ற சொல்லை எழுதினவர் யாராக இருந்தாலும், என் புருஷனைப் போன்ற ஒரு ஆளோடு ஒரு நாள்கூடக் குடித்தனம் செய்திருக்க மாட்டார்.

அந்த ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் பற்றின தீ, வாட்சன்வில் வயல்கள்வரை புகையை அனுப்பிக்கொண்டே இருந்தது. பொழுது நன்றாக ஏறின பிறகும் சூரியன் செக்கச்செவேலென்று தொங்கும். ஸ்ட்ராபெரி இலைமேல் சாம்பல் படிந்திருக்கும், தட்டிவிட்டுத்தான் பழத்தைக் கிள்ள வேண்டும். காடு எரிகிறதென்று பழம் பழுக்காமல் இருக்குமா? இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கூழ். அதனால் வேலை நிற்கவில்லை. நாங்களும் நிற்கவில்லை, வாடகை கேட்டு வருகிறவன் நிற்கவில்லை பாருங்கள்.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வெள்ளை வண்டியில் வந்தார். ஒரு பெட்டி முகமூடியை இறக்கி வைத்தார். ஒரு தாளை ஸ்பானிஷில் கடகடவென்று படித்தார். கேள்வி உண்டா என்று கேட்டார். எங்கள் குழுவில் பாதிப் பேர் மெக்ஸிகோவின் ஓஹாக்கா மலைக்காரர்கள். வீட்டில் மலைப்பேச்சுதான், ஸ்பானிஷ் கடைகண்ணிக்குப் போகிற அளவுக்கு. எல்லோரும் தலையை ஆட்டினோம். புரிந்தாலும் அந்த ஆட்டம்தான், புரியாவிட்டாலும் அந்த ஆட்டம்தான், பசித்தாலும் அந்த ஆட்டம்தான். அவர் திருப்தியாகக் கிளம்பிப் போனார்.

வயலில் பெண்கள் நாங்கள் முகத்தைக் கட்டிக்கொண்டுதான் குனிவோம். ஒரு துணி மூக்கிலிருந்து கழுத்துவரை, இன்னொன்று நெற்றியைச் சுற்றி, அதற்குமேல் தொப்பி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். வெயிலுக்கு, தூசிக்கு, பழத்துக்கு அடிக்கிற மருந்துக்கு என்று காரணம் சொல்லுவோம். பழைய மேஸ்திரிகளின் பார்வைக்கும்தான். ஒரே வரிசையில் வருடக்கணக்காக வேலை செய்த இரண்டு பெண்கள் கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போவது எங்களிடையே சாதாரணம். அப்படிப்பட்ட எங்களிடம் முகமூடியைக் கொடுத்தால் என்ன செய்வோம்? துணிக்கு மேலேயே மாட்டிக்கொண்டோம். என் பக்கத்து வரிசை பிதென்சியா அதைத் தட்டிக் காட்டி, இனிமேல் தனக்கு இரட்டைப் பூட்டு என்று பெருமை அடித்துக்கொண்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆண்கள் மீசைமேல் மாட்டினார்கள். என் புருஷன் பிலேமோன் தாடிமேல் மாட்டினார்.

அந்தத் தாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜனவரியில் அவருக்கு நிமோனியா வந்து, தொண்டைக்குள் குழாய் விட்டு இயந்திரம்தான் மூச்சு விட்டது. டாக்டர் பெண்மணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்காவது சொல்லியனுப்ப வேண்டுமானால் சொல்லியனுப்பச் சொன்னாள். நான் யாருக்கும் சொல்லியனுப்பவில்லை. ஹுகீலா மாதாவிடம் நேராகப் பேசினேன். எங்கள் பக்கத்து மாதா அவள். சின்ன உருவம், பெரிய கோபக்காரி, கேட்டதைக் கொடுப்பாள், கொடுத்ததற்குப் பதில் கேட்பாள். இவரை எழுப்பிக் கொடு தாயே, உன் கோயிலுக்கு நடந்து வந்து உன் முன்னால் நிற்கிறவரை இவர் முகத்தில் கத்தி படாது என்று வேண்டிக்கொண்டேன். அவள் எழுப்பிக் கொடுத்தாள்.

வேண்டினது நான், வளர்ப்பது அவர். கோயில் ஓஹாக்காவில் இருக்கிறது. எங்களிடம் காகிதம் இல்லை. எல்லையைத் தாண்டிப் போனால் திரும்ப வர வழி இல்லை. ஆகவே தாடி வளர்ந்துகொண்டே போனது. சட்டைப் பொத்தானைத் தொட்டுவிட்டது. "நீ வாய் விட்ட, நான் முடி விட்டேன்" என்று கிண்டல் செய்வாரே ஒழிய, எடுக்கட்டுமா என்று ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. அந்த விஷயத்தில் தங்கமான மனுஷன்.

ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாள். புகை வந்த முதல் வாரமே இருமல் திரும்பிவிட்டது.

இனி எங்கள் மேஸ்திரி. பெயர் ஒதீலியா, மரியாதைக்குத் தோன்யா ஒதீலியா. இந்தப் பக்கத்து வயல்களில் மேஸ்திரி என்றால் வயிறு தள்ளின ஆண்பிள்ளை, லாரிக்குள் உட்கார்ந்து போன் பார்ப்பவன். பறிக்கிற வேலையிலிருந்து மேலே வந்த பெண் இவர் ஒருவர்தான். அதட்டமாட்டார், கெஞ்சவும் மாட்டார். மற்ற குழுக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், அதற்கு ஒரே காரணம் இவர்தான். எங்கள் கழிப்பறை வண்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கும், சோப்பு இருக்கும். இவர் போன் செய்து கம்பெனிக்காரன் உயிரை எடுத்து வாங்கி வைத்திருப்பார்.

இவர் முகத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. மேஸ்திரி ஆன பிறகும் பறிக்கிற பெண்களைப் போலவே துணி கட்டுவார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கட்டிக்கொண்டு வருவார். சாப்பிடும்போது லாரிக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். வெட்டுக்காயம் என்றார்கள் சிலர். தங்கப்பல் என்றார்கள் சிலர். பேரழகி, அதனால்தான் மூடிக்கொள்கிறார் என்றது பிதென்சியா. அதுவும் இருக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

புகை வந்து சில நாள் ஆனபோது ஒரு மத்தியான வேளையில் அவர் எங்களையெல்லாம் கூப்பிட்டார். கையில் தான் போட்டிருந்த முகமூடி. உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார், பால் வெள்ளையாக இருந்தது. பிறகு தான் சற்றுமுன் மூக்குச் சிந்தின காகிதத்தைக் காட்டினார். கன்னங்கரேலென்று இருந்தது. வேறு யாராவது அதைக் காட்டியிருந்தால் நாங்கள் சீ என்று முகத்தைத் திருப்பியிருப்போம். அவர் காட்டினதால் பார்த்தோம்.

"முகமூடி வழியா வரல, அப்ப எது வழியா வந்துச்சு?" என்று கேட்டார். முதலில் ஸ்பானிஷில், பிறகு மலைப்பேச்சில்.

அவரே சொன்னார். துணி மடிப்புக்கும் முகமூடிக்கும் நடுவில் ஓட்டை, அது வழியாக. மீசைக்கும் தாடிக்கும் நடுவில் அதே ஓட்டை. முகமூடி தோலோடு ஒட்டினால்தான் வடிகட்டும், இல்லையென்றால் சும்மா ஒரு அலங்காரம். அந்த அதிகாரி கடகடவென்று படித்த தாளில் இதுவும் இருந்ததாம். தோன்யா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படித்திருக்கிறார்.

"சட்டம் அவங்களைக் குடுக்கச் சொல்லுது, அவ்வளவுதான். உங்களைப் போட வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஒட்டுற மாதிரி போட வைக்கவும் இல்ல. கேக்கத்தான் முடியும். பொம்பளைங்க துணியை அவுத்துட்டு வெறும் முகத்துல போடுங்க. ஆம்பளைங்க சவரம் பண்ணிக்குங்க."

ஒரு பிளாஸ்டிக் பை நிறைய சவரக் கத்திகளை வாங்கி வந்திருந்தார், ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற மலிவுக் கத்திகள். லாரிக் கதவின் கைப்பிடியில் அந்தப் பையை மாட்டினார். யாரும் அதன் பக்கம் போகவில்லை. ஆண்கள் முன்னால் முகத்தைத் திறப்பதா என்று பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மீசை இல்லாமல் வீட்டுக்குப் போனால் நாய் உள்ளே விடாது என்றான் அபுந்தியோ, எங்கள் குழுவின் பெரிய மீசைக்காரன்.

அப்போது என் வீட்டு மகானுபாவர் வாயைத் திறந்தார். "தோன்யா, நீங்க முதல்ல உங்க முகத்தைக் காட்டுங்க. நீங்க துணியை அவுக்கற அன்னைக்கு நானும் தாடியை எடுக்கறேன். எல்லாரும் சாட்சி."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடக்காத காரியத்துக்கு நடக்காத காரியத்தைப் பந்தயம் வைத்தார் என்று எல்லோருக்கும் புரிந்தது. வேண்டுதல் விஷயம் குழு முழுக்கத் தெரியும். தோன்யாவின் கண்ணும் சிரித்தது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் என்னைத் தனியாகப் பிடித்தார். பிலேமோனுக்காகக் குளிரூட்டுக் கிடங்கில் வேலை கேட்டுப் பார்த்திருக்கிறார், அங்கே இடம் இல்லை. தாடிக்காரர்களுக்கென்று காற்றாடி வைத்த ஒரு தலைக்கூடு இருக்கிறதாம், சுத்தமான காற்றை உள்ளே ஊதிக்கொண்டே இருக்குமாம். அதையும் கேட்டிருக்கிறார். இஷ்டத்துக்குப் போடுகிற நாட்களில் அவ்வளவு விலை கொடுத்து வாங்க முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, என் புருஷனுக்காக நான் தட்டாத கதவையெல்லாம் அவர் தட்டியிருந்தார்.

"மிச்சம் இருக்கறது உன் கையில இருக்கு, கசில்டா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரியாதா? பாதிரியாரிடம் போய்க் கேட்டு வந்தவள்தானே நான். வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம், மாதா வட்டிக்காரி இல்லை, அவள் கொடுத்த நுரையீரலைக் காப்பாற்றுவதும் அவளுக்குச் செய்கிற மரியாதைதான் என்று அவர் அழகாகச் சொன்னார். ஆமாம் சாமி என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சவரக் கத்தியை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தேன். பாதிரியார் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது அவர் இல்லை. கொடுத்தவள் கோபித்துக்கொண்டு திருப்பி எடுத்துக்கொண்டால் பாதிரியாரா வந்து எனக்குப் பக்கத்தில் படுப்பார்?

இதை அப்படியே தோன்யாவிடம் சொல்லிவிட்டேன், அந்தக் கடைசி வாக்கியம் உட்பட. பயமாக இருந்தால் பயமாகத்தான் இருக்கும் என்றார். அதற்குமேல் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன், அதற்கும் வழி இல்லாமல் போனது.

மறுநாள் புகை இன்னும் அடர்ந்திருந்தது. வரிசையின் அந்தக் கோடி கண்ணுக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த லாரியின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. போனில் புகை அளவைக் காட்டுகிற எண் ஊதா நிறத்துக்குப் போய்விட்டது, ஆனால் ஐந்நூறு இல்லை. ஆக இன்னமும் எங்கள் இஷ்டம்தான்.

பிலேமோன் எனக்கு இரண்டு வரிசை தள்ளிப் பறித்துக்கொண்டிருந்தார். அவர் இருமலை நான் காதால் எண்ணிக்கொண்டே பறிப்பேன். திடீரென்று இருமல் நீண்டது, விடவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி முழங்கால் போட்டிருந்தார். பெட்டி கவிழ்ந்து பழம் சால் முழுக்கக் கிடந்தது. நான் வரப்பு, செடி, எதையும் பார்க்காமல் மிதித்துக்கொண்டு ஓடினேன். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வாயால் காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். தேடினால் கிடைப்பது புகைதானே. உதடு நீலமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

விசில் கேட்டது. இடைவேளை நேரம் இல்லை, ஆனாலும் விசில். தோன்யா எல்லோரையும் லாரிக்குக் கூப்பிட்டார். பெரிய சூப்பர்வைசர் பார்த்தால் தொலைத்துவிடுவார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். பார்க்கட்டும் என்றார் தோன்யா. பிலேமோனை லாரிக்குள் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, தண்ணீர் கொடுத்தார். இருமல் மெதுவாக அடங்கினது. எழுந்து வந்து எங்களோடு நின்றுகொண்டார். இவரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்று தோன்யாவிடம் சொன்னேன். அவரிடமும் அதையே சொன்னேன். இன்றைக்குப் போனால் நாளைக்கு? நாளன்றைக்கு? அந்தத் தீ அணைய இன்னும் வாரங்கள் ஆகும் என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள்.

தோன்யா ஒதீலியா எங்கள் முன்னால் நின்றார். முதலில் தொப்பியைக் கழற்றி லாரியின் முன்பக்கத்தில் வைத்தார். பிறகு முகமூடியைக் கழற்றி அதற்குள் போட்டார். பிறகு இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். துணியின் முடிச்சு இறுகியிருந்தது, சீக்கிரம் அவிழவில்லை. கை நடுங்கினதால் அவிழவில்லை என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.

துணி இறங்கினது.

அழகான முகம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு யாரும் அதை முதலில் பார்க்கவில்லை. உருண்டைக் கன்னம், எடுப்பான மூக்கு. மேலுதட்டில் மீசை. தாடையில் தாடி. பெண்களுக்கு இருக்கிற பூனைமுடியைச் சொல்லவில்லை. சுருள் சுருளாக, கறுப்பும் வெளுப்புமாக, கத்தரியால் ஒட்ட வெட்டின நிஜமான தாடி. வயதுக்கு வருகிற காலத்திலிருந்தே அவருக்கு அப்படியாம். கத்தி வைத்தால் இன்னும் அடர்ந்து வளரும் என்று அவருடைய அம்மா சத்தியம் வாங்கியிருந்தாளாம். ஊரில் கல்யாணம் நின்றது, அந்த ஊரைவிட்டு வந்தது, எல்லாம் அதனால்தான். இவையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அந்த நிமிடத்தில் எங்களுக்கு எதுவும் தெரியாது.

அபுந்தியோவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு. நான் அவன் காலை மிதிக்கத் தயாரானேன்.

"சிரிச்சுக்கோ அபுந்தியோ" என்றார் தோன்யா. "உன்னுதவிட அடர்த்தியா இருக்கு, அந்த வயித்தெரிச்சல்தானே உனக்கு."

குழு முழுக்கக் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். கழிப்பறை வண்டிக்குப் பக்கத்தில் கை கழுவுகிற தொட்டிக்குப் போய், அந்த ரோஜா நிறச் சோப்பை முகம் முழுக்கப் பூசினார். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் படிந்திருந்த சாம்பலை முழங்கையால் துடைத்தார். எங்கள் எல்லோர் முன்னாலும், பட்டப்பகலில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் முகத்தில் கத்தி வைத்தார்.

கத்தி வைக்கத் தெரியவில்லை அவருக்கு. எதிர்த்திசையில் இழுத்தார். தாடை ஓரத்தில் ரத்தம் வந்தது. ஆண்கள் சும்மா நிற்கமாட்டாமல் மெதுவாக யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். மேலிருந்து கீழே தோன்யா, தோலை இழுத்துப் பிடிச்சுக்குங்க தோன்யா. கழுத்தில் அழுத்தாதீங்க என்றது யார் தெரியுமா? அபுந்தியோ. கிண்டல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சர்ச்சில் நிற்பதைவிட ஒழுங்காக நின்றிருந்தோம்.

பிற்பாடு ஒரு நாள் பிதென்சியா அவரிடமே கேட்டுவிட்டாள், வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு வந்திருந்தால் இந்தக் கஷ்டம் எதற்கு, யாருக்கும் தெரிந்திருக்காதே என்று. "வீட்ல எடுத்துட்டு வந்திருந்தா நீங்க என் மூஞ்சியை மட்டும்தான் பாத்திருப்பீங்க" என்றார் தோன்யா. "நான் உங்ககிட்ட கேட்டது மூஞ்சியைக் காட்டச் சொல்லி மட்டும் இல்லையே." இப்படிப்பட்ட ஒரு மனுஷிக்குக் கீழே வேலை பார்த்தேன் என்று என் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு சாவேன்.

முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, புது முகமூடியை எடுத்தார். ஒரு வார் உச்சந்தலையில், ஒரு வார் காதுக்குக் கீழே. மூக்குமேல் கம்பியை இரண்டு விரலால் அழுத்தினார். ஓரம் முழுக்கக் கையைக் குவித்து வைத்து, பலமாக மூச்சை ஊதிக் காட்டினார். எங்கேயும் கசியவில்லை என்று தலையை ஆட்டினார். கழற்றின துணியை மடித்து லாரிக்குள் போட்டார்.

எல்லோரும் இப்போது பிலேமோனைப் பார்த்தார்கள். சாட்சிகள் ஆயிற்றே.

பிலேமோன் என்னைப் பார்த்தார். "கிழவி?" என்று மட்டும் கேட்டார். எங்களில் புருஷன் பெண்டாட்டி அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைக்குள் அவர் எல்லாவற்றையும் வைத்திருந்தார். தன் வாக்கைக் காப்பாற்றினால் என் வாக்கு உடையும். அவருடைய மானம் ஒரு பக்கம், என் பயம் ஒரு பக்கம். நான் வேண்டாம் என்று தலையசைத்திருந்தால் அத்தனை பேர் முன்னாலும் பேச்சு மாறினவன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு தாடியோடு திரும்பி வரிசைக்குள் போயிருப்பார். போய் இருமியிருப்பார்.

எனக்குப் பயம் போகவில்லை. போயிற்று என்று சொன்னால் பொய். மாதா கோபக்காரி என்பதும் மாறவில்லை. ஆனால் சற்றுமுன் தோன்யாவின் கையைப் பார்த்தவள் நான். முடிச்சை அவிழ்க்கும்போதும் நடுங்கினது, கத்தியைப் பிடிக்கும்போதும் நடுங்கினது, நடுங்கிக்கொண்டே வேலையை முடித்தது. பயம் போன பிறகுதான் செய்ய முடியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

"உக்காருய்யா" என்றேன்.

பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தேன். தோன்யா தன் பையிலிருந்து கத்தரியை எடுத்துக் கொடுத்தார், அவருக்கு இத்தனை காலம் உதவின கத்தரி. முதலில் நீளத்தைக் கத்தரித்தேன். பிதென்சியா பழம் அடுக்குகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் திறந்து கீழே ஏந்தினாள், யாராவது ஊருக்குப் போகும்போது கோயிலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று. தோன்யா குனிந்து கண்ணாடிக்குக் கீழே கிடந்த தன் சுருள்களையும் பொறுக்கி அதே டப்பாவில் போட்டார். மாதாவுக்கு எது யாருடையது என்று பிரிக்கத் தெரியும் என்றார்.

கத்தியைக் கையில் எடுத்ததும் மலைப்பேச்சில், வாய்விட்டே சொன்னேன். "தாயே, வேண்டினவ நான். உடைக்கறவளும் நான். இவரு சும்மா உக்காந்திருக்காரு. கோவம் வந்தா எம்மேல காட்டு, இவரு மூச்சுமேல கை வைக்காதே."

"சீக்கிரம் கிழவி, சோப்பு காயுது" என்றார் பிலேமோன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இமை ஓரம் நனைந்திருந்தது, புகை என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு தடவை நிமிர்ந்தபோது பார்த்தேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் குரலை மட்டும் வைத்து நான் சண்டை போட்டவர்களுக்கெல்லாம் முகம் வந்தது. பிதென்சியாவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அன்றைக்குத்தான் தெரியும். அபுந்தியோ பையில் கையை விட்டு ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்காத மாதிரி கண்ணாடியின் அந்தப் பக்கம் போனான்.

சவரம் முடிந்தது. தாடிக்குக் கீழே என் புருஷன் இளைத்திருந்தார். எவ்வளவு இளைத்திருந்தார் என்பதை அந்தத் தாடி இத்தனை மாதம் என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு புது முகமூடியை நானே மாட்டிவிட்டேன். மேல் வார், கீழ் வார், மூக்குக் கம்பி.

"ஊதுங்க பிலேமோன்" என்றார் தோன்யா. என் கையைப் பிடித்து, விரல்களை முகமூடியின் ஓரமாக வரிசையாக வைத்தார், கன்னத்திலிருந்து தாடைவரை. "எங்கயாவது காத்து வருதான்னு நீயே பாரு."

பிலேமோன் ஊதினார். நான் விரலை நகர்த்தினேன். மூக்கோரம் இல்லை. கன்னத்தில் இல்லை. தாடைக்குக் கீழே, சற்றுமுன்வரை முடி இருந்த இடத்தில், அங்கேயும் இல்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷன். அவர் மூச்சு என்மேல் படவில்லை என்று நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.